இரண்டாம் நம்பர் ரிமோட்

சிதம்பரம்
19-01-2025

அன்புள்ள மாமாவுக்கு,

லேகா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் இருக்கிறோம். நீங்களும் அங்கே இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

ஒன்றரை மணி நேரப் பஸ் தூரத்தில் இருக்கிற புருஷனுக்குப் பெண்டாட்டி கவர் வாங்கி ஸ்டாம்ப் ஒட்டுவதைப் பார்த்து, போஸ்ட் ஆபீஸ் அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். போனில் பேசினால் நீங்கள் "ம்" என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறீர்கள். மூன்று மாதமாக அந்த "ம்" கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. கடிதத்தில் "ம்" என்று மட்டும் எழுதி அனுப்ப உங்களுக்கே வெட்கமாக இருக்கும் இல்லையா, அதனால்தான் இந்த வழி.

தம்பி இளவரசுவுக்குப் புண் ஆறிவிட்டது. இடது முழங்காலுக்குக் கீழே இன்னும் கொஞ்சம் வீக்கம் இருக்கிறது. அது வடிந்த பிறகு செயற்கைக் காலுக்கு அளவெடுப்பார்களாம். பொங்கலன்று அப்பா அவனை வாசலுக்குக் கூட்டிவந்து நாற்காலியில் உட்காரவைத்தார். பானை பொங்கும்போது நாங்கள் மூன்று பேரும் சும்மா பார்த்துக்கொண்டிருந்தோம். யாருக்கும் சத்தம் வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் எங்களுக்கும் சேர்த்துக் கூவினார்கள். நான் கல்யாணத்துக்கு முன்னால் வேலை பார்த்த மேலவீதி அச்சகத்துக்கே மறுபடி போகிறேன். கல்யாணப் பத்திரிகைகளில் பிழை பார்க்கிறேன். வேலை நேரத்தில் எதையும் யோசிக்க வேண்டியதில்லை என்பதால் பிடித்திருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் கம்பெனியிலிருந்து விபத்து ரிப்போர்ட் நகல் வந்தது. அதில் இப்படி எழுதியிருக்கிறார்கள்: "இரண்டாம் கிரேனை இயக்க வேண்டிய திரு. ச. இளவரசு, எண்ணைச் சரிபார்க்காமல் முதலாம் கிரேனின் ரிமோட்டை எடுத்துச் சென்றதே விபத்துக்கு முதன்மைக் காரணம்." அவன் அதைப் படித்தான், மடித்தான், "இருக்கும்"னு சொன்னான். அவ்வளவுதான். கேஸ் சிலிண்டர் திருகை மூன்று தடவை பார்த்துவிட்டுப் படுக்கிற பிள்ளை அவன். நான் எப்படி நம்புவது?

அந்த இரண்டு ரிமோட்டையும் மாட்டியது நீங்கள். அந்த ஷெட்டின் எலக்ட்ரீஷியன் நீங்கள். அன்றைக்கு அங்கே இருந்ததும் நீங்கள். என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள். தம்பியைப் பார்த்துக்கொள்ளத்தான் வந்தேன், கோபித்துக்கொண்டு வரவில்லை. ஆனால் நடந்தது தெரியாமல் என்னால் அந்த வீட்டுக்குத் திரும்பி வந்து நிம்மதியாகத் தூங்க முடியாது.

உங்கள் பதிலுக்காக வாசலைப் பார்க்கும்,
லேகா

*

கடலூர் முதுநகர்
27-01-2025

அன்புள்ள லேகாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் நன்றாக இருக்கிறேன். மோட்டார் ரிப்பேர் ஆகி சரிசெய்துவிட்டேன். மாடியில் கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன். ஒருநாளைக்கு இரண்டு வேளை மெஸ் சாப்பாடு. ருசி தெரிவதில்லை, அது மெஸ்காரர் தப்பில்லை.

நீ கேட்டதால் விவரமாக எழுதுகிறேன். எங்கள் ஷெட்டில் இரண்டு பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு கிரேன். முன்பு கிரேனிலிருந்து ஒரு கேபிள் தொங்கும், அதன் நுனியில் பட்டன் பெட்டி இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு சுமைக்குப் பக்கத்திலேயே நடக்க வேண்டும். கேபிள் காலில் சிக்கும். அதனால்தான் இரண்டு வருஷத்துக்கு முன்னால் கேபிள் இல்லாத ரிமோட் போட்டோம். ஒவ்வொரு ரிமோட்டுக்குள்ளும் ஒரு ரகசிய எண் இருக்கும். அந்த எண்ணுக்கு அதன் கிரேன் மட்டும்தான் அசையும். ஒரு பூட்டுக்கு ஒரு சாவி மாதிரி. வெளியில் பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். வித்தியாசம் தெரிவதற்குத்தான் முன்பக்கம் பெரிதாக 1, 2 என்று எழுதிவைப்பது.

நான் சுவரில் ஒட்டியிருக்கும் விதிகள்: ரிமோட் நம்பரும் கிரேன் நம்பரும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். பேட்டரி போட்டதும் சிவப்புக் குமிழை அழுத்தி, கிரேன் நிற்கிறதா என்று சோதிக்க வேண்டும். அசைப்பதற்கு முன்னால் ஹாரன் அடிக்க வேண்டும். சுமைக்குப் பக்கத்தில் போகும் முன்னால் சிவப்புக் குமிழை அழுத்திச் சாவியைக் கழற்றிவிட வேண்டும். சுமைக்கு அடியில் எக்காரணம் கொண்டும் நிற்கக் கூடாது. பேட்டரி மாற்றினாலோ ரிமோட்டைப் பிரித்தாலோ, சுமை இல்லாமல் ஒருமுறை ஓட்டிப் பார்த்த பிறகுதான் ஆளிடம் கொடுக்க வேண்டும்.

அன்று நடந்தது ரிப்போர்ட்டில் உள்ளபடிதான். அக்டோபர் 14, திங்கட்கிழமை, ஆயுத பூஜை விடுமுறை முடிந்த முதல் நாள். இரண்டாம் பகுதியில் ஒரு இரும்புத் தூண் ஸ்டாண்ட் மேல் படுத்திருந்தது. லீவுக்கு முன்னால், வியாழக்கிழமையே பெல்ட் மாட்டிக் கொக்கியில் கோத்து விட்டிருந்தார்கள். இளவரசு பெல்ட்டைப் பார்க்க அருகில் போனான். முதல் பகுதியில் கிரேன் ஓட்டும் பக்கிரி தன் கிரேனை இயக்குவதாக நினைத்துப் பட்டனை அழுத்தினான். அவன் கையில் இருந்தது இரண்டாம் கிரேனின் ரிமோட். இரண்டாம் கிரேன் தூக்கியது. தூண் ஒரு பக்கம் எழும்பி, ஸ்டாண்டிலிருந்து வழுக்கி விழுந்தது.

வேறு விசேஷம் இல்லை. மாமாவுக்கு என் வணக்கம். மச்சானை மருந்து விடாமல் சாப்பிடச் சொல்.

அன்புடன்,
ஞானசேகரன்

*

சிதம்பரம்
05-02-2025

அன்புள்ள மாமாவுக்கு,

புருஷன் எழுதிய கடிதம் என்று ஆசையாகப் பிரித்தால் உள்ளே கிரேன் பாடம் இருக்கிறது. இளவரசுவிடம் காட்டினேன். "செவுத்துல இருக்கிறத அப்புடியே எழுதியிருக்காரு மாமா, ஒரு வரி மாறல"ன்னு சொன்னான். நாலு மாதத்தில் முதல் தடவையாகக் கொஞ்சம் சிரித்த மாதிரி இருந்தது. அதற்காக உங்களுக்கு நன்றி.

ஆனால் பாடம் நன்றாகப் புரிந்துவிட்டது. புரிந்ததால்தான் சந்தேகம் அதிகமாகிவிட்டது. அவனிடம் உட்கார்ந்து கேட்டேன். சுமைக்குப் பக்கத்தில் போகும் முன்னால் குமிழை அழுத்தினாயா? "அழுத்துனேன்." சாவியைக் கழற்றினாயா? "கழட்டி சட்டப் பையில போட்டேன். ஆஸ்பத்திரியில சட்டைய வெட்டுனாங்கள்ல, அதுல இருந்துச்சே." ஹாரன் கேட்டதா? "கேட்டுச்சு. நம்ம ரிமோட்டுதான் செத்துக் கெடக்குதே, பக்கிரி அண்ணன் கிரேன் போலன்னு நெனச்சேன்." இரண்டு ஹாரனுக்கும் ஒரே சத்தமாம். நம்பரைப் பார்த்தாயா? அங்கேதான் அவன் நின்றுவிடுகிறான். "ரெண்டுன்னு பாத்த ஞாபகம். ஆனா எல்லாரும் ஒண்ணுன்னு சொல்றாங்களேக்கா."

போன ஞாயிறு குமராட்சியிலிருந்து பக்கிரி வந்தார். அவரையும் வேலையை விட்டு நிறுத்திவிட்டார்களாம். நீங்கள் எழுதவில்லை. ஒரு சீப்பு வாழைப்பழத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு, "நான்தான்டா தம்பி மாத்தி எடுத்துட்டேன்"னார். இவன், "இல்லண்ணே, நான்தான் மொதல்ல எடுத்தேன், நான்தான் மாத்தியிருப்பேன்"னான். அவர் இல்லை என்கிறார், இவன் இல்லை என்கிறான். ஒரு பழியை இரண்டு பேர் இழுத்துக்கொண்டு சண்டை போட்டதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். காபி ஆறிப்போனது.

இப்போது அவனுக்கு ஒரு புதுப் பழக்கம் வந்திருக்கிறது. வாசலில் உட்கார்ந்து போகிற வண்டி நம்பரையெல்லாம் வாய்விட்டுப் படிக்கிறான். "அக்கா, அது ஏழா ஒண்ணா?" என்று கேட்கிறான். சரியாகத்தான் படிக்கிறான். சரி என்று சொன்னாலும் நம்ப மாட்டேன் என்கிறான். கால் போனதுகூட அவனுக்குப் பழகிவிடும் போலிருக்கிறது. தன் கண்ணைத் தானே நம்பாமல் எப்படி மாமா இருப்பான்?

அதனால் ஒரே ஒரு கேள்வி. அன்றைக்கு அவன் இடுப்பில் இருந்த ரிமோட்டில் என்ன நம்பர் எழுதியிருந்தது? இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். ஆம்புலன்ஸில் நீங்கள் ஏறவில்லை. இரண்டு மணி நேரம் கழித்துத்தான் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்கு வந்தீர்கள். அவன் உங்கள் மச்சான். ஏன் ஏறவில்லை?

லேகா

*

கடலூர் முதுநகர்
16-02-2025

அன்புள்ள லேகாவுக்கு,

கடிதம் கிடைத்தது. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. எழுத உட்கார்ந்தால் உட்கார்ந்தபடியே இருந்துவிடுகிறேன்.

இளவரசு இடுப்பில் இருந்தது ஒன்றாம் நம்பர். சூப்பர்வைசர் ஜெயப்பிரகாஷ், ஆபீஸ் ஆட்கள் எல்லோரும் பார்த்துப் போட்டோ எடுத்திருக்கிறார்கள். நான் மெயினை அணைத்துவிட்டு, பேனலைப் பூட்டிவிட்டுத்தான் வர வேண்டியிருந்தது. அதற்கு நேரமாகிவிட்டது.

இப்போது ஷெட்டில் புதிதாகச் சில ஏற்பாடுகள் செய்திருக்கிறேன். எண்ணை எழுதாமல், தகட்டில் வெட்டி ரிமோட்டில் ரிவிட் அடித்துவிட்டேன். ஒன்றுக்கு மஞ்சள் உறை, இரண்டுக்கு நீல உறை. கிரேனிலும் அதே நிறத்தில் பட்டை அடித்தாயிற்று. இரண்டாம் கிரேன் ஹாரனை மாற்றி வேறு சத்தம் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு ஷிப்ட் தொடக்கத்திலும் கொக்கியை ஒரு சாண் ஏற்றி இறக்கிப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். எல்லோரும் நல்ல வேலை என்கிறார்கள். செய்யும்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கை அதுபாட்டுக்குச் செய்கிறது.

மார்ச் 14ஆம் தேதி தொழிற்சாலை ஆய்வாளர் முன்னால் விசாரணை. இளவரசுவும் பக்கிரியும் வந்து வாக்குமூலம் கொடுக்க வேண்டும். மச்சானைக் கூட்டிவர நான் கார் ஏற்பாடு செய்கிறேன்.

அன்புடன்,
ஞானசேகரன்

*

சிதம்பரம்
02-03-2025

மாமாவுக்கு,

கார் வேண்டாம். அப்பா ஏற்பாடு செய்துவிட்டார்.

இளவரசு தன் வாக்குமூலத்தைத் தானே எழுதி என்னிடம் கொடுத்தான். மேலவீதியில் என் மேஜையில் உட்கார்ந்து நானே டைப் அடித்தேன். "ரிமோட்டின் எண்ணை நான் சரியாகக் கவனிக்கவில்லை. இதற்கு நானே பொறுப்பு." இரண்டு வாக்கியம்தான். ஊரார் பத்திரிகையில் எல்லாம் பிழை திருத்துகிறவள், "கவனிக்கவில்லை" என்பதை மூன்று தடவை தப்பாக அடித்தேன். பதினான்காம் தேதி அதில் கையெழுத்துப் போடப்போகிறான்.

அவனுடைய ஐ.டி.ஐ. வாத்தியார் போன ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தார். கொத்தங்குடியில் அவர் நண்பர் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறாராம். உட்கார்ந்தே பார்க்கிற வேலை, வந்து சேர்ந்துகொள் என்றார். அப்பா முகத்தில் அன்றைக்குத்தான் கொஞ்சம் ரத்தம் ஓடியது. இவன், "வேணாம் சார். நம்பர் பாக்கத் தெரியாதவன் வயரத் தொடக் கூடாது"ன்னுட்டான். அவனுக்கு இருபத்தாறு வயது.

நான் மூன்றாவது தடவையாகக் கேட்கிறேன். போன கடிதத்தில் நீங்கள் எழுதியதை நான் பிழை பார்க்கிற மாதிரி வரி வரியாகப் படித்தேன். "அவன் மாற்றி எடுத்தான்" என்று நீங்கள் எங்கேயும் எழுதவில்லை. ரிப்போர்ட்டில் உள்ளபடி, எல்லோரும் பார்த்தபடி என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். ஏழு வருஷம் உங்களோடு குடித்தனம் பண்ணியிருக்கிறேன். நேருக்கு நேர் உங்களுக்குப் பொய் சொல்ல வராது. சுற்றி வளைக்கத்தான் வரும்.

சொல்ல ஒன்றும் இல்லை என்றால் பதில் போட வேண்டாம். பதில் வராவிட்டால் அவன் கையெழுத்துப் போட்டுவிடுவான். அதற்கப்புறம் அவன் சாகிறவரைக்கும் அது அவன் தப்புதான்.

லேகா

*

கடலூர் முதுநகர்
06-03-2025

லேகா,

அவனைக் கையெழுத்துப் போட வேண்டாம் என்று சொல்.

அவன் எடுத்த ரிமோட்டில் இரண்டு என்றுதான் எழுதியிருந்தது. பக்கிரி எடுத்ததில் ஒன்று என்றுதான் எழுதியிருந்தது. இரண்டு பேரும் சரியாகத்தான் எடுத்தார்கள். எழுதினவன் நான். நான் மாற்றி எழுதிவிட்டேன்.

ஆயுத பூஜை அன்று காலையில், பூஜைக்கு வைக்க வேண்டும் என்று பேட்டரியைக் கழற்றிவிட்டு இரண்டு ரிமோட்டையும் பெயின்ட் தின்னர் போட்டுத் துடைத்தேன். அழுக்கு போகும்போது நம்பரும் போய்விட்டது. காய்ந்ததும் எழுதலாம் என்று ஒன்றை இடப்பக்கமும் இரண்டை வலப்பக்கமும் வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன். அதற்குள் ஆபீஸ் இலக்கியா வந்து இரண்டையும் தாம்பாளத்தில் எடுத்துவைத்துச் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டது. அந்தப் பெண் மேல் தப்பில்லை, அதற்குத் தெரியாது. பூஜை முடிந்து, பொரி கடலை கொடுத்து முடித்த பிறகு போய்ப் பார்த்தேன். தாம்பாளத்தில் இடப்பக்கம் இருந்ததில் ஒன்று, வலப்பக்கம் இருந்ததில் இரண்டு என்று பெயின்ட் மார்க்கரால் எழுதினேன்.

ஒரு பேட்டரியைப் போட்டுப் பட்டனைத் தொட்டிருந்தால் எந்தக் கிரேன் அசைகிறது என்று தெரிந்திருக்கும். ஐந்து வினாடி வேலை. பூஜை போட்ட அன்றைக்கு மெஷினைத் தொடக் கூடாது என்று தொடவில்லை. எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம். திங்கட்கிழமை காலையில் முதல் வேலையாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். திங்கட்கிழமை கேட்டில் நுழைந்ததும் கேன்டீனுக்கு டீ குடிக்கப் போனேன். மூன்று நாள் லீவு எப்படிப் போனது என்று பேசிக்கொண்டிருந்தோம். அங்கே இருக்கும்போதுதான் சத்தம் கேட்டது.

ஓடிவந்து, பக்கிரி கையில் இருந்த ரிமோட்டைப் பிடுங்கி, அதை வைத்துத்தான் தூணைத் தூக்கினேன். அப்போது அதில் என் கையெழுத்தில் ஒன்று என்று இருந்தது. ஆனால் அசைந்தது இரண்டாம் கிரேன். மச்சானை இழுத்து வெளியே எடுக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. வேறு யாருக்கும் நம்பரைப் பார்க்கிற நிலை இல்லை.

எல்லோரும் ஆம்புலன்ஸ் பின்னால் ஓடினார்கள். நான், மச்சான் இடுப்பிலிருந்து கழன்று விழுந்ததையும் எடுத்துக்கொண்டு பேனல் ரூமுக்குப் போய் இரண்டு ரிமோட்டையும் மறுபடி துடைத்து, சரியான நம்பரை எழுதினேன். பிறகு அவன் ரிமோட்டை அவன் நின்ற இடத்திலும், பக்கிரியினுடையதை அவன் இடத்திலும் வைத்தேன். ஒன்றாம் நம்பர் மச்சான் இடத்தில், இரண்டாம் நம்பர் பக்கிரி இடத்தில். அதைத்தான் ஜெயப்பிரகாஷ் போட்டோ எடுத்தார். எதற்காக அப்படிச் செய்தேன் என்று இந்த ஐந்து மாதமாக யோசிக்கிறேன். பயம் என்று சொல்லலாம். பயந்ததாக ஞாபகம் இல்லை. தப்பாக எழுதியிருக்கிறது, சரியாக எழுத வேண்டும் என்று மட்டும் தோன்றியது. எழுதி முடித்த பிறகுதான் அதன் அர்த்தம் தெரிந்தது. தெரிந்த பிறகும் வாயைத் திறக்கவில்லை.

மச்சானிடம் நீயே சொல். என்னால் அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

ஞானசேகரன்

*

சிதம்பரம்
11-03-2025

மாமாவுக்கு,

கடிதம் நேற்று வந்தது. அச்சகத்திலிருந்து வந்து, கை கால் கழுவிக்கொண்டு, அப்பாவையும் கூப்பிட்டு உட்காரவைத்து, இளவரசுவுக்கு முழுதாக வாசித்துக் காட்டினேன். குரல் நடுங்கும் என்று நினைத்தேன். நடுங்கவில்லை.

முடித்ததும் கடிதத்தை வாங்கி அந்த வரியைத் தானே படித்துப் பார்த்தான். பிறகு, "அப்ப நான் பாத்தது ரெண்டுதானாக்கா?"ன்னு கேட்டான்.

"ரெண்டுதாண்டா."

"ரெண்டுதான்"னு அவனே ஒருமுறை சொல்லிக்கொண்டான். பிறகு போனை எடுத்துப் பக்கிரிக்குப் போட்டான். "அண்ணே, நீ ஒண்ணுதாண்ணே எடுத்த. நான் ரெண்டுதான் எடுத்தேன். நம்ம ரெண்டு பேரும் சரியாத்தான் எடுத்திருக்கோம்"னான். அந்தப் பக்கம் என்ன சொன்னார் என்று தெரியவில்லை. அழுதார் போலிருக்கிறது. இவன், "வுடுண்ணே, வுடுண்ணே"ன்னு சொல்லிக்கொண்டே இருந்தான். அப்பா எழுந்து கொல்லைப்புறம் போனவர் இருட்டுகிற வரைக்கும் உள்ளே வரவில்லை.

எனக்குக் கோபம் வரும் என்று காத்திருக்கிறேன், இன்னும் வரவில்லை. காலையில் வேலைக்குப் போனேன், இரண்டு பத்திரிகை பார்த்தேன், திரும்பி வந்து குழம்பு வைத்தேன். உப்பு சரியாகத்தான் இருந்தது என்றார்கள்.

உங்கள் கடிதத்தை நான் யாரிடமும் கொடுக்கப் போவதில்லை. பதினான்காம் தேதி அங்கே நீங்களே உங்கள் வாயால் சொல்லுங்கள். எனக்கு எழுதிவிட்டதால் சொல்லியாயிற்று என்று நினைக்காதீர்கள்.

லேகா

*

கடலூர் முதுநகர்
15-03-2025

அன்புள்ள லேகாவுக்கு,

நேற்று சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும், உனக்கு எழுதிய அதே வரிசையில் சொன்னேன். துடைத்தது, தாம்பாளம், திருப்பி எழுதியது. ஆய்வாளர் நடுவில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "எழுதுனதும் ஒரு தடவ ஓட்டிப் பாத்திருக்கலாமே?" "பூஜை போட்ட அன்னிக்கு மெஷினத் தொட மாட்டோம் சார்"னு சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. எழுதிக்கொண்டே, "சுவத்துல இருக்கிற விதிய எழுதுனது யாரு?"ன்னு கேட்டார். நான்தான் என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.

இளவரசு ஊன்றுகோலோடு வராண்டாவில் இருந்தான். மாமா பக்கத்தில் நின்றார். நான் அந்தப் பக்கம் போகவில்லை. ரிப்போர்ட்டைத் திருத்துவதாக ஆய்வாளர் சொன்னார். அதில் இனி அவன் பெயர், பக்கிரி பெயர் இரண்டும் தப்பாக வராது. என்னைச் சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். கேஸ் வரும் என்கிறார்கள். வரட்டும். சாட்சியை மாற்றியதற்குத் தனியாகவும் வருமாம்.

சொல்லிவிட்டால் இறங்கிவிடும் என்று நினைத்தேன். பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தேன். சட்டையைக் கழற்றி மாட்டினேன். எதுவும் இறங்கின மாதிரித் தெரியவில்லை. கட்டிலில் உட்கார்ந்தால் கால் மரத்துப்போகிற வரைக்கும் உட்கார்ந்திருக்கிறேன். மரத்ததும் தெரிவதில்லை, எழுந்திருக்கும்போதுதான் தெரிகிறது. பக்கத்து வீட்டு சவரியம்மாள் அக்கா, "லேகா எப்ப வருது தம்பி?"ன்னு தினமும் கேட்கிறார்கள்.

நானும் அதையேதான் கேட்கிறேன். சுற்றி வளைக்கவில்லை. நீ வருவாயா?

உன்,
ஞானசேகரன்

*

சிதம்பரம்
24-03-2025

மாமாவுக்கு,

நீங்கள் சொல்லிவிட்டதை இளவரசு வந்து சொன்னான். திருத்திய ரிப்போர்ட் இன்னும் வரவில்லை. வந்தால் ஒரு நகல் பக்கிரிக்குக் கொடுக்க வேண்டும் என்று இப்போதே சொல்லிவைத்திருக்கிறான். இன்று முதல் வைண்டிங் கடைக்குப் போகிறான். அப்பா காலையில் ஆட்டோவில் கொண்டுபோய் விட்டுவிட்டு, வேலை இருக்கிற மாதிரி எதிர்க்கடையில் ஒரு மணி நேரம் நின்று பார்த்துவிட்டு வந்தாராம்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. போன வியாழக்கிழமை, ஒரு காதணி விழாப் பத்திரிகையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது வந்தது. முதல் தப்பு யாருக்கும் வரும். ஒரு டீ, ஒரு தாம்பாளம். அதை நான் எப்போதோ மன்னித்துவிட்டேன், நீங்கள் கேட்பதற்கு முன்னாலேயே. அன்றைக்கு ஆஸ்பத்திரி வராண்டாவில் நீங்கள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். உங்கள் கையில் தின்னர் வாசனை அடித்தது. வேலையிலிருந்து அப்படியே ஓடிவந்திருக்கிறார் பாவம் என்று நினைத்து, என் பையிலிருந்து சோப்பை எடுத்துக்கொடுத்து, "மூஞ்சி கை கழுவிட்டு வாங்க மாமா"ன்னு சொன்னேன். நீங்கள் எழுந்து போய்க் கழுவிக்கொண்டு வந்தீர்கள். உள்ளே அவன் காலை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

தப்பாக எழுதினது உங்கள் கை. அழித்துவிட்டுத் திருப்பி எழுதினது நீங்கள். அதற்குப் பிறகு ஐந்து மாதம் அவன் வாசலில் உட்கார்ந்து ஏழா ஒன்றா என்று கேட்டுக்கொண்டிருந்தபோது, எனக்கு "ம்" என்று சொன்னதும் நீங்கள்தான். நான் மூன்று தடவை கேட்ட பிறகுதான் சொன்னீர்கள். கேட்காமலே இருந்திருந்தால்? இதைத்தான் ராத்திரி பகலாக நினைக்கிறேன். அந்த இடத்தைத் தாண்டி என்னால் வர முடியவில்லை.

உங்கள் கேள்விக்குப் பதில் அதுதான். சவரியம்மாள் அக்காவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். என் துணிமணியை அப்பா ஒருநாள் வந்து எடுத்துக்கொள்வார்.

இளவரசுவுக்கு உங்கள் மேல் கோபம் இல்லை. நானும் அப்பாவும் சொல்லிப் பார்த்தோம், அவன் கேட்கவில்லை. "மாமா சொல்லலன்னா எனக்கு யாருமே சொல்லியிருக்க மாட்டாங்கக்கா. வரச் சொல்லு, பாக்கணும்"னு சொல்கிறான். வருகிற ஞாயிற்றுக்கிழமை, 30ஆம் தேதி, மத்தியானம் வாருங்கள். அவனும் அப்பாவும் இருப்பார்கள். மீன் குழம்பு வைத்து, சோறு வடித்து மூடிவைத்துவிட்டுப் போகிறேன். அவனோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

நான் அன்றைக்கு வீட்டில் இருக்க மாட்டேன்.

சந்திரலேகா